குரல் நீங்கிய கானம்

ஆடி மாதம் பிறந்து அம்மன் கோயில்களில் காப்புக் கட்டிவிட்டால், கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தை அடுத்துள்ள சங்கராபுரத்திலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இரவுகள் பாட்டினால் நிறைந்துவிடும். முன்னெல்லாம் அத்தகைய திருவிழாவுக்கு மெல்லிசைக் குழு ஒன்றை அழைப்பதென்றால், ஆர்மோனியக்காரர், தபலாக்காரர், கிதார் வாசிப்பவர், ஆண்குரலுக்கு ஒருவர், பெண்குரலுக்கு ஒருவர் என்று ஒரு வேன் நிறைய மனிதர்கள் வந்து இறங்க வேண்டும். அவர்களுக்குச் சாப்பாடும் சம்பாவனையும் கொடுக்கச் சக்தியுள்ள ஊர்தான் கச்சேரி வைக்க முடியும். இன்றோ மைக்செட்டுக்காரரின் பெட்டியோடு ஒரு கைப்பேசியை இணைத்துவிட்டால் போதும்: எல்லா வாத்தியங்களும் அதிலிருந்து முழங்குகின்றன; பாடகரின் குரல் இருக்கவேண்டிய இடம் மாத்திரம் காலியாக இருக்கிறது; அந்தக் காலி இடத்தில் நின்றுகொண்டு, உள்ளூர்ப் பையன் ஒருவன், தான் பிறப்பதற்கு முப்பது வருஷங்களுக்கு முன் பதிவான பாட்டைத் தன் சொந்தப் பாட்டைப்போல் பாடுகிறான்.

இந்தக் காலி இடத்துக்கு உலகமெங்கும் வழங்கும் பெயர் கரோக்கி. ஜப்பானிய மொழியில் ‘கரா’ என்றால் வெறுமை. ‘ஓக்கே’ என்பது வாத்தியக் குழுவைக் குறிக்கும் ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லின் சுருக்கம். 1971-இல் கோபே நகரத்தில் டைசுக்கே இனோவே என்னும் வாத்தியக்காரர், காசு போட்டால் பின்னணி இசையை மட்டும் ஒலிக்கும் யந்திரம் ஒன்றைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். ஆனால் அவர் யாருடைய குரலையும் நீக்கவில்லை. பாடகர் இல்லாமல் வாத்தியங்களை மட்டும் புதிதாக வாசித்துப் பதிவு செய்துகொண்டார். இந்த அத்தியாயத்தில் நாம் ஆராயப்போவது அதனினும் கடினமான காரியம்: முன்னமே ஒருவர் பாடி, வாத்தியங்களோடு ஒன்றாய்க் கலந்து, இசைத்தட்டிலோ நாடாவிலோ பதிந்துபோன பாட்டிலிருந்து, அந்தக் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா?

பேதமும் பிரித்தலும்

மலையில் சாமை விளைவிப்போர் வீட்டுப் பெண்களுக்குப் பிரித்தல் என்னும் வித்தையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. உமியையும் மணியையும் முறம் பிரிக்கிறது, ஏனெனில் ஒன்று இலேசு, மற்றொன்று கனம். நொய்யையும் முழுமணியையும் சல்லடை பிரிக்கிறது, ஏனெனில் ஒன்று சிறிது, மற்றொன்று பெரிது. மணியின் அளவே உள்ள கல்லை முறமும் சல்லடையும் பிரிக்க மாட்டாவாகையால், தண்ணீரிலிட்டு அரிக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பிரித்தலுக்கும் ஒரு பேதம் வேண்டும். அந்தப் பேதத்தை உணரும் ஒரு கருவியும் வேண்டும். குரல் நீக்கும் சாஸ்திரத்தின் சரித்திரம் முழுவதும், குரலுக்கும் வாத்தியத்துக்கும் உள்ள பேதம் யாது என்ற ஒரே கேள்விக்கு மனிதர் அடுத்தடுத்துக் கண்ட விடைகளின் சரித்திரமேயாகும்.

கேள்வி ஏன் கடினமானது என்பதை முதலில் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். ஒலிவாங்கியின் உள்ளே மெல்லிய தகடு ஒன்று இருக்கிறது. பாடகரின் மூச்சு எழுப்பிய அலையும், வீணையின் தந்தி எழுப்பிய அலையும், மிருதங்கத்தின் தோல் எழுப்பிய அலையும் ஒரே சமயத்தில் அந்தத் தகட்டை வந்து தாக்குகின்றன. ஆனால் தகடு ஒன்றேயாகையால், ஒரு கணத்தில் அது ஓர் இடத்தில்தான் இருக்க முடியும். குரல் அதை ஐந்து பங்கு முன்னே தள்ள, வீணை இரண்டு பங்கு பின்னே இழுத்தால், தகடு மூன்று பங்கு முன்னே நிற்கும். பதிவில் ஏறுவது அந்த மூன்று மாத்திரமே. குறுந்தகடு ஒரு விநாடியைக் காட்ட இத்தகைய எண்கள் 44,100-ஐ வரிசையாக எழுதி வைக்கிறது. அவற்றுள் எந்த எண்ணும் தன் தாய் தந்தையரின் பெயரைச் சொல்லாது. கூட்டுத்தொகை ஏழு என்று மட்டும் சொல்லி, கூட்டிய எண்கள் எவை என்று கேட்டால், கணிதம் தெரிந்தவர் எவரும் விடை சொல்ல மறுப்பார். குரல் நீக்குவோனிடம் கேட்கப்படுவது அந்தக் கேள்விதான். அதுவும் விநாடிக்கு 44,100 முறை.

அப்படியிருந்தும் நம் காது அதைச் செய்துகொண்டேயிருக்கிறது என்பதுதான் வியப்பு. கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரம் முழங்க, பந்தியில் இலைகள் சலசலக்க, நூறு பேர் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருக்க, எதிரே நிற்கும் உறவினர் கேட்கும் குசலம் மட்டும் நமக்கு விளங்குகிறது. மண்டபத்தின் மறுகோடியில் யாரோ நம் பெயரை உச்சரித்தால் திரும்பிப் பார்க்கிறோம். காலின் செரி என்னும் ஆராய்ச்சியாளர் 1953-இல் இந்தச் சக்தியைச் சோதனைகளால் ஆராய்ந்து வெளியிட்டது முதல், அதை யந்திரத்துக்கு எவ்வாறு கற்பிப்பது என்பது ஒலி ஆராய்ச்சியின் பெரும் பிரச்சினைகளுள் ஒன்றாய் இருந்து வந்திருக்கிறது.

இடம் என்னும் பேதம்

முதலில் கண்ட விடை மிகவும் எளியது: குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று பார்ப்பது. ஆலன் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1931-இல் காப்புரிமை கோரிய இருவழி ஒலிப்பதிவு முறையை, ஸ்டீரியோ என்று இன்று நாம் சொல்கிறோம். இடச் செவிக்கு ஒன்றும் வலச் செவிக்கு ஒன்றுமாக இரண்டு தனிப் பதிவுகள். வீணையை இடப்பதிவில் ஓங்கவும் வயலினை வலப்பதிவில் ஓங்கவும் வைத்தால், கேட்பவனுக்கு அவை தன் இருபுறமும் அமர்ந்திருப்பதாகத் தோன்றும். பாடகரையோ, சபையின் நடுவே அமர்த்துவதுபோல, இரு பதிவுகளிலும் சரிசமமாக வைப்பது வழக்கம். தமிழில் இந்த முறையில் பதிவாகி வெளிவந்த முற்காலத் தொகுப்புகளுள் ஒன்று, இளையராஜா இசையமைத்து 1978-இல் வெளியான ‘பிரியா’ திரைப்படத்தின் பாடல்கள்.

சரிசமமாக வைக்கப்பட்டது என்பதே குரலின் பலவீனமாக முடிந்தது. இடப்பதிவில் குரலும் வீணையும் இருக்கின்றன. வலப்பதிவில் அதே குரலும் வயலினும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், இரண்டிலும் பொதுவான குரல் தன்னைத்தானே அழித்துக்கொண்டு மறைய, வீணையும் வயலினும் எஞ்சுகின்றன. மலையில் ஒரு மேடும் அதே அளவுள்ள ஒரு பள்ளமும் சேர்ந்தால் சமதரை ஆவதுபோல, ஒரு பதிவின் அலையைத் தலைகீழாக்கி மற்றதோடு சேர்த்தால் பொதுவான அலை சமனாகிவிடும். இதற்குக் கணிப்பொறிகூட வேண்டியதில்லை: ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையரின் இரு நேர்முனைகளுக்கும் இடையே ஒரே ஒலிபெருக்கிப் பெட்டியைக் கட்டிவிட்டால், இரண்டு பதிவுகளின் வித்தியாசம் மட்டும் அதில் ஒலிக்கும்.

ஆனால் இந்த முறை குரலை அறியாது. இடத்தை மட்டுமே அறியும். நடுவில் அமர்ந்தவை எவையானாலும் அவற்றை வெளியே தள்ளிவிடும். பேஸ் கிதாரையும் பெரிய டிரம்மையும் நடுவில் வைப்பது வழக்கமாதலால், குரலோடு அவையும் போய், பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடாய் நிற்கும். இதைத் தடுக்க, மிகத் தாழ்ந்த சுருதிகளைக் கழிக்காமல் விட்டுவைப்பது ஓர் உபாயம். மறுபுறம், பாடகரின் குரல் அறையின் சுவர்களில் பட்டு எதிரொலித்த கார்வை இருபுறமும் வெவ்வேறாகப் பரவியிருப்பதனால், குரல் போனபின்னும் அதன் கார்வை தூரத்துக் குகையிலிருந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டேயிருக்கும். எல்லாவற்றிலும் பெரிய குறை, பழைய பாடல்களில் தெரிகிறது. 1944-இல் வெளியான ‘ஹரிதாஸ்’ படத்தில் தியாகராஜ பாகவதர் பாடிய காலத்தில் ஒலிப்பதிவு ஒரே வழியில்தான் நடந்தது. அந்தப் பதிவை இன்று இருவழியாக ஒலித்தாலும், இரண்டிலும் ஒன்றே இருக்குமாதலால், கழித்தபின் எஞ்சுவது நிசப்தம். தமிழர் தலைமுறை தலைமுறையாகப் பாடி மகிழ்ந்த பாடல்களில் பெரும்பகுதி, இந்தக் காரணத்தால் இந்த முறைக்கு அகப்படவே இல்லை.

உருவம் என்னும் பேதம்

இரண்டாவது விடை பிறப்பதற்கு, ஒலியைக் கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக் கணித மேதை ஃபூரியே 1822-இல் வெப்பத்தைப்பற்றி எழுதிய நூலில், எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பகுத்துவிடலாம் என்று காட்டினார். பாட்டை ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு வலிமையோடு இருக்கிறது என்று கணித்து, அவற்றை அடுத்தடுத்து நிறுத்தினால், காலம் இடமிருந்து வலமாகவும் சுருதி கீழிருந்து மேலாகவும் விரியும் ஒரு சித்திரம் கிடைக்கும். அந்தச் சித்திரத்தில் தம்பூரா, வயலுக்குக் குறுக்கே இழுத்த வரப்புகளைப்போல நேர்க்கோடுகளாய்க் கிடக்கிறது. தாளத்தட்டு ஒவ்வொன்றும் நட்ட கழியைப்போல நிமிர்ந்து நிற்கிறது. பாடகரின் சாரீரமோ, கமகத்துக்குக் கமகம் வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல மேற்சுரங்களை ஏந்திக்கொண்டு, கொடியைப்போல் படர்ந்து செல்கிறது.

கூட்டுத்தொகையாகக் கேட்டபோது புலப்படாத பேதம், சித்திரமாகப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிறது. கொடி ஓடும் கட்டங்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை மறைத்தால் குரல் கிடைக்கும். கொடியை மறைத்து மற்றவற்றை வைத்துக்கொண்டால் குரல் நீங்கிய கானம் கிடைக்கும். ஆனால் மூன்று நிமிஷப் பாட்டில் இலட்சக்கணக்கான கட்டங்கள் இருக்கின்றனவே, கொடி எது, வரப்பு எது என்று அவற்றில் யார் குறிப்பது?

இங்கேதான் உதாரணங்களால் கற்கும் யந்திரம் வந்து சேர்கிறது. ஜெர்மனியில் ஃபிரைபர்க் சர்வகலாசாலையைச் சேர்ந்தோர் 2015-இல், நுண்ணோக்கியில் எடுத்த படங்களில் உயிரணுவின் எல்லையைக் கண்டு பிரித்துக் காட்டுவதற்காக ஒரு செயற்கை நரம்பு வலையை அமைத்தார்கள். ஆங்கில எழுத்தான ‘யு’வின் வடிவம் கொண்டதால் அதற்கு யு-நெட் என்று பெயர். உயிரணுவின் விளிம்பைக் காணும் கண் குரலின் விளிம்பையும் காணும் என்று கண்டு, 2017-இல் வேறு சிலர் அதைப் பாட்டின் சித்திரத்துக்குப் பிரயோகித்தார்கள். வைத்தியத்துக்காகப் பிறந்த வித்தை சங்கீதத்துக்குப் பயன்பட்டது. 2019-இல் பிரான்ஸ் நாட்டின் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளையும், ஃபேஸ்புக் நிறுவனத்து ஆராய்ச்சியாளர் டெமக்ஸ் என்பதையும் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டதிலிருந்து, பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்கே உரியதாயிருந்த இந்தச் சக்தி சாதாரண ஜனங்களின் கைக்கு வந்துவிட்டது. ஜான் லெனன் 1970-களின் பிற்பகுதியில் தம் வீட்டில் பியானோ வாசித்துக்கொண்டே கேசட்டில் பதிந்து வைத்த ஒரு பாட்டு, பியானோவின் முழக்கத்தில் குரல் அமுங்கிக் கிடந்தமையால் நெடுங்காலம் பயனற்று இருந்தது. யந்திரம் குரலைத் தனியே மீட்டுத் தந்த பிறகு, அவர் மறைந்து ஏறக்குறைய 43 ஆண்டுகள் கழிந்து, 2023 நவம்பரில் பீட்டில்ஸ் குழுவினரின் கடைசிப் பாடலாக அது வெளிவந்தது. ஒரே வழியில் பதிவான ஒலியில் கழித்தல் முறை காண முடியாத பேதத்தை, கற்ற யந்திரம் கண்டது.

யந்திரம் கற்கும் விதத்தை மறந்துவிடக் கூடாது. குரல் மட்டும் ஒரு பதிவாகவும், வாத்தியங்கள் தனித்தனிப் பதிவுகளாகவும் உள்ள பாடல்களை அதற்குக் கொடுக்கிறார்கள். கலந்ததைக் காட்டிப் பிரிக்கச் சொல்லி, பிரித்ததை உண்மையோடு ஒப்பிட்டு, பிழைக்குத் தக்கபடி அதன் உள்ளமைப்பைச் சிறிது திருத்துகிறார்கள். இதை எண்ணற்ற முறை செய்கிறார்கள். ஆராய்ச்சியாளர் பொதுவாகப் பயன்படுத்தும் தொகுதி ஒன்றில் 150 பாடல்கள், சுமார் பத்து மணி நேரம், இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை மேல்நாட்டுப் பாடல்கள். கிதாரும் டிரம்மும் எவை என்று அதற்குத் தெரியும். மிருதங்கத்தை அது கேட்டதில்லை.

நம் சங்கீதம் வைக்கும் சோதனை

மிருதங்கத்தைக் கேளாத யந்திரம் ஏன் தடுமாறும் என்பதற்குரிய விடையை, இத்தகைய யந்திரங்கள் தோன்றுவதற்கு ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்பே நம்மவர் ஒருவர் எழுதி வைத்தார். சாதாரணமான தோல் வாத்தியத்தின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று கணக்கில் சேராதவை. அதனால்தான் அதன் ஒலி சுருதியாகாமல் வெறும் முழக்கமாகக் கேட்கிறது. மிருதங்கத்தின் வலந்தலை நடுவே கருமையாய் அப்பியிருக்கும் சாதம், தோலின் கனத்தை இடத்துக்கு இடம் மாற்றி, மேற்சுரங்களை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்ற ஒழுங்கில் நிறுத்துகிறது என்று சர் சி. வி. ராமன் 1920-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் விளக்கினார். அந்த ஒழுங்குதான் தந்தி வாத்தியத்துக்கும் மனிதக் குரலுக்கும் உரியது. போதாததற்கு, வலந்தலையைப் பாடகரின் ஆதார சுருதிக்கே கூட்டி வைக்கிறோம். டிரம் என்றால் கழிபோல் நிமிர்ந்து நிற்பது என்று கற்ற யந்திரத்தின் முன், குரலின் சுருதியிலேயே பாடும் ஒரு தோல் வாத்தியம் வந்து நிற்கிறது.

வயலினோ இன்னும் பெரிய சோதனை. மேல்நாட்டுப் பாட்டில் ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென ஒரு வழியில் செல்ல, நம் கச்சேரியில் வயலின் வித்வான் பாடகரின் ஸ்வரத்தையும் கமகத்தையும் நிழல்போல் தொடர்ந்து வாசிக்கிறார். ஒரு கொடியின்மேல் மற்றொரு கொடி, அதே வளைவுகளோடு, நூலிழை பின்தங்கிப் படர்கிறது. மணியின் அளவே உள்ள கல் இதுதான்; சல்லடைக்கு அகப்படாதது.

கற்பிக்க நல்ல உதாரணங்கள் இருந்தால் இதையும் கற்பிக்கலாம். அவை கிடைப்பதுதான் அரிது. பார்சிலோனாவில் உள்ள பொம்பெயு ஃபப்ரா சர்வகலாசாலையில் பேராசிரியர் சேவியர் செர்ராவின் தலைமையில் 2011-இல் தொடங்கிய காம்ப்மியூசிக் என்னும் ஆராய்ச்சித் திட்டத்தில், சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த பேராசிரியை ஹேமா மூர்த்தி முதலானோரும் ஈடுபட்டனர். அதன் பயனாக உருவான சரகா என்னும் தொகுதியில் ஐம்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட கர்நாடக இசை இருக்கிறது. அதில் பல உருப்படிகள், பாடகருக்கும் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் தனித்தனி ஒலிவாங்கி வைத்துப் பதிந்தவை. ஆனால் அவை ரசிகர் நடுவே நடந்த உண்மைக் கச்சேரிகள். வித்வான்கள் ஒரே மேடையில் அருகருகே அமர்ந்திருந்தமையால், பாடகரின் ஒலிவாங்கியில் வயலினும், வயலினுடையதில் மிருதங்கமும் கசிந்திருக்கின்றன. கண்ணாடி அறைகளில் தனித்தனியே அமர்த்திப் பதிந்திருந்தால் கசிவு இராது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அந்தக் கணத்தில் பிறக்கும் மனோதர்மமும் இராது. நம் சங்கீதத்தின் ஜீவன் எதுவோ, அதுவே பிரித்தலுக்கு இடையூறாக நிற்கிறது. அந்த ஜீவனைக் குலைக்காமல், கசிவுள்ள பதிவுகளையே பாடமாக வைத்து, கலந்த ஒலியிலிருந்து படிப்படியாகக் குரலை நோக்கி நகரும்படி யந்திரத்தைப் பழக்கும் ஒரு முறையைப் பார்சிலோனா ஆராய்ச்சியாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். வேலை முடிந்துவிடவில்லை, வழி திறந்திருக்கிறது.

குரலுக்கு உடையவர் யார்?

பிரித்தெடுத்த தூய குரல், பாடியவரின் சாயலில் புதிய பாட்டையே படைக்கும் மற்றொரு வித்தைக்குக் கச்சாப்பொருளாகவும் ஆகலாம். 1997-இல் மறைந்த சாகுல் ஹமீதும், 2022-இல் மறைந்த பம்பா பாக்யாவும், ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து 2024-இல் வெளியான ‘லால் சலாம்’ படத்தில், யந்திரம் படைத்த குரல் வழியே மீண்டும் பாடினார்கள். அதற்கு அவர்களுடைய குடும்பத்தாரின் அனுமதி பெற்று, சன்மானமும் கொடுக்கப்பட்டதாக இசையமைப்பாளர் பகிரங்கமாக அறிவித்தார். அதுவே தர்மமான வழி. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தம், பாட்டை இயற்றியவருக்கு மட்டுமன்றிப் பாடியவருக்கும் உரிமை உண்டு என்று நிலைநாட்டியிருக்கிறது. சாரீரம் என்பது சரீரத்தோடு பிறந்தது. அதைச் சரீரத்தினின்று பிரிக்கும் வித்தை கைவந்தவர்கள், உடையவரைக் கேளாமல் அதை எடுத்தாளக் கூடாது.

இனி, சங்கராபுரத்துக்கே திரும்புவோம். இந்த வட்டாரத்துத் தெருக்கூத்தில் வேஷக்காரர் தாமே பாட, பின்பாட்டுக்காரர்கள் அதே அடியை வாங்கிப் பாட, முகவீணையும் ஆர்மோனியமும் மிருதங்கமும் தாளமும் விடியும்வரை ஒலிக்கின்றன. பல வருஷங்களுக்கு முன், மேடையோரத்தில் ஒற்றை டேப்ரிக்கார்டரை வைத்து யாராவது அதைக் கேசட்டில் பதிந்திருந்தால், அதில் கூத்து வாத்தியார் பாடிய பாட்டு முகவீணைக்கும் ஜனங்களின் ஆரவாரத்துக்கும் அடியில் புதைந்துதான் கிடக்கும். முகவீணையைக் கேட்டறியாத யந்திரம், மனிதக் குரலைப்போன்ற அதன் உயர்ந்த ஒலியைக் குரலென்றே எண்ணி ஏமாறவுங்கூடும். அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. நாம் அதற்கு முகவீணையைக் காட்டவில்லை. அதைக் காட்டக்கூடியவர்கள் பாரிஸிலும் இல்லை, பார்சிலோனாவிலும் இல்லை. கல்வராயன் மலையடியில் இருக்கிறார்கள்.

ஆகையால் இந்த அத்தியாயத்தைப் படிக்கும் அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள்கள். இனிமேல் ஒரு கூத்தையோ, தாலாட்டையோ, மலைவாழ் மக்களின் பாட்டையோ பதிவு செய்யும் சந்தர்ப்பம் வாய்த்தால், பாடுவோருக்கு ஒன்றும் வாத்தியங்களுக்கு ஒவ்வொன்றுமாகத் தனித்தனி ஒலிவாங்கி வையுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதை அவருடைய சம்மதத்தோடு எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேசட் ஏதாவது கிடந்தால், பூஞ்சை பிடித்து நாடா உதிர்வதற்கு முன் அதைக் கீழே இறக்கிப் பிரதி எடுத்து வையுங்கள். அதிலுள்ள குரலைப் பிரிக்கும் வித்தை நாளைக்கு வந்துவிடும், நாடா உதிர்ந்தபின் பிரிக்க ஒன்றும் இராது.